விடாக்கண்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் துறைத் தலைவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் அவர்களே, அவருடைய அருமை மகளே, மருமகனே! செவிலியர்களே, ஆய்வக நண்பர்களே, கேண்டீனைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அண்ணன் அவர்களே! ஊசி குத்திய கையில் கட்டு ஈரம்கூடக் காயாமல் டயாலிசிஸ் அறையிலிருந்து நேராகப் படியேறி வந்திருக்கும் என் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேராசிரியரை அமைதியின் உருவம் என்றார் ஒருவர். அடக்கத்தின் சிகரம் என்றார் இன்னொருவர். யாரைச் சொல்கிறீர்கள்? சிறுநீரகத் துறையின் மூத்த பேராசிரியர், ஆய்வு மையத்தின் இயக்குநர், வராந்தாவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே இந்தக் கோடியில் இருப்பவர்கள் கைவேலையைக் கீழே வைத்துவிடும்படி சத்தமாகப் பேசிக்கொண்டு வருவாரே, அவரையா? அவர் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்தது போன வாரம் ஒரே ஒரு நாள்தான். அதுவும் அவருக்குப் பிடித்திருக்காது.

இந்த மருத்துவமனைக்கே அவர் விடாக்கண்டர். அந்தப் பட்டத்தைச் சூட்டிய பெருமை நம் கணக்கு அதிகாரியைச் சேரும். நிதி கொடுக்கும் இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கொடாக்கண்டர்கள், நம்ம ஆள் விடாக்கண்டர், இரண்டு பேரும் மோதட்டும், நமக்கென்ன என்று அவர் சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பேராசிரியர் கோபித்துக்கொண்டாரா? இல்லை. தன் அறைக் கதவில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

பெரியோர்களே! நான் இங்கே அழுவதற்காக வரவில்லை. அழ வேண்டியதை வீட்டில் அழுது முடித்தாயிற்று. எனக்கு இன்று ஒரு வேலை இருக்கிறது. அவர் போக வேண்டிய ஒரு நேர்காணலுக்கு நாளைக் காலையில் நான் போகிறேன். வாழ்நாள் முழுக்க அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பெரிய ஆய்வு நிதி அது. முதல்முறையாக நம்மைக் கூப்பிட்டு, வந்து பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தந்தால் நம் ஆய்வு இன்னும் ஐந்தாண்டு நடக்கும். தராவிட்டால் இந்த ஆண்டோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் கேட்டால் கல்லும் கரையும். நான் கேட்டால்? அடுத்த வீட்டில் ஒரு பிடி சர்க்கரை கேட்பதற்கே வாசலில் நின்று மூன்று முறை யோசிப்பவள் நான். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களோடு பேசிப் பழகியவள். பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஆனந்தம்தான் அதிகம்! இத்தனை காலம் தட்டிய கதவு திறந்திருக்கிறதே, அந்த ஆனந்தம்! இந்த மேடையில் இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை அவர் தாயே என்றுதான் கூப்பிடுவார். ஊர் ஊராகப் பிச்சை கேட்டுக் கேட்டு அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டது, வயதைப் பார்க்காதே என்பார். எங்கள் இருவருக்கும் வேலைப் பங்கீடு சுலபமானது. "நீ கண்டுபிடி தாயே, நான் கேட்டுட்டு வரேன்." அவ்வளவுதான்.

சிறுநீரக ஆய்வுக்கு நிதி தேடுவது என்றால் என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதயத்துக்கென்று கேட்டுப் பாருங்கள், பணப்பை தானாகத் திறக்கும். இதயத்துக்குக் கவிதை எழுதுகிறார்கள். மூளைக்கு மாநாடு போடுகிறார்கள். சிறுநீரகத்துக்கு? முதுகுப்பக்கம் ஆளுக்கொரு மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்து, இராப்பகலாக நம் இரத்தத்தை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வரி எழுதிய கவிஞர் உண்டா? "நம்ம ஆளுங்க வீட்டு மருமக மாதிரி தாயே, வேலை நிக்கிற வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

சிறுநீரகம் சத்தம் போடாது. பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. பாதிக்கு மேல் பழுதான பிறகுதான் சாதாரண இரத்தப் பரிசோதனையே வாயைத் திறக்கும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிறுநீரில் ஏதாவது ஓர் அடையாளம் தெரியாதா? தெரிந்தால் தடுத்து நிறுத்தலாமே? இதுதான் விடாக்கண்டரின் ஒரே கேள்வி. டயாலிசிஸில் இருப்பவர்களின் பிள்ளைகளை, இன்றைக்கு நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை, ஆண்டுக்கு ஒருமுறை வரவழைக்க வேண்டும். அவர்களிடம் சிறுநீர் வாங்கி உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும். போன ஆண்டையும் இந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொறுமையான வேலை. பணம் தின்னும் வேலை. மூத்திரக் குப்பி அடுக்கிய அறை வாசலில் தன் தாத்தாவின் பெயரைப் பொறித்துக்கொள்ள எந்தச் செல்வந்தருக்கு ஆசை வரும், சொல்லுங்கள்!

ஒரு வணிகர் சங்கத்தின் விருந்துக்கு அவரோடு நானும் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்குச் சில நிமிடம் பேச இடம் கொடுத்தார்கள். மனிதர் எழுந்தார். எல்லோரும் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடியுங்கள் என்றார். குடித்தார்கள். இந்தத் தண்ணீர் இனி எங்கெங்கே போகப்போகிறது என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். சொன்னார். ஒரு வளைவு விடாமல் சொன்னார். நுரை, நிறம், வாடை எதையும் விடவில்லை. அவர் முடித்தபோது அந்தக் கூடத்தில் யாரும் மெல்லவில்லை.

சங்கத் தலைவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் விருந்து இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் வாசலில் செருப்புக் கடைக்காரர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். தன் அப்பா சிறுநீரக நோயில்தான் போனார், என்ன நோய் என்பதே இன்று நீங்கள் சொல்லித்தான் புரிந்தது என்றார். நாங்கள் சிறுநீர் சேகரிக்கும் குப்பிகளை அன்றிலிருந்து அவர்தான் வாங்கித் தருகிறார். ஐயா இதோ இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு என் வணக்கம் ஐயா!

நிதி மறுக்கப்பட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கதவைச் சாத்திக்கொள்வார்கள். யாரையாவது திட்டுவார்கள். நம் விடாக்கண்டர் கேண்டீனுக்குச் சொல்லித் துறை முழுவதற்கும் தேநீர் வரவழைப்பார். வேண்டாம் என்று சொல்லவாவது ஒருவர் நம்மைப் படித்திருக்கிறார் அல்லவா, அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்பார். பிறகு மறுத்தவரையே தொலைபேசியில் பிடிப்பார். சண்டைக்கு அல்ல. நன்றி சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சலிப்புத் தட்டியது என்று கேட்பார். எதிர்முனையில் இருப்பவர் திணறிப்போய் உண்மையைச் சொல்லிவிடுவார். அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பக்கம் இருக்காது.

நம் கேண்டீன் அண்ணனுக்கு இந்த வழக்கம் பழகிப்போய், தேநீர் கொண்டுவரும்போது, இந்த முறை யார் சார் தரமாட்டேன்னுட்டாங்க என்று உறவுக்காரர் உடல்நிலையை விசாரிக்கிற குரலில் கேட்பார். ஒரு பருவத்தில் துறையே தேநீரில் மிதந்தது! முதல்வர் ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. அவருடைய கூட்டத்தில் யாரும் சிரிக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

இனிப் பூனைக் கதைக்கு வருகிறேன். பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். உள்ளபடி நடந்ததை நான் சொல்கிறேன்.

பூனைகளின் சிறுநீரக நோயை ஆராய்பவர்களுக்கு நிதி தருகிறோம் என்று ஒரு சிறிய அறக்கட்டளையின் அறிவிப்பு விடாக்கண்டர் கண்ணில் பட்டது. வயதான பூனைகளுக்கு இந்த நோய் நிறைய வரும். அவையும் நம்மைப் போலத்தான், கடைசிவரை காட்டிக்கொள்வதில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பூனைகளிடமும் அதே அடையாளத்தைத் தேடலாம், அதற்கு வாங்கும் கருவி மனிதர்களுக்கும் உதவும் என்று திட்டம் போட்டார். நல்ல திட்டம். நேர்மையான திட்டம். எழுத நேரம்தான் இல்லை. கடைசி நாள் வந்துவிட்டது.

மனிதர்களுக்காக எழுதிய பழைய விண்ணப்பம் கணினியில் இருந்தது. கணினியில் ஒரு சொல்லை ஒரே அழுத்தில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்ற வித்தையை அந்த வாரம்தான் மகளிடம் கற்றுக்கொண்டிருந்தார். நோயாளி என்று இருந்த இடத்தில் எல்லாம் பூனை என்று மாற்றினார். படித்துப் பார்க்காமல் அனுப்பினார். வெற்றி வீரரைப் போல வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நான் படித்தேன். என்ன படித்தேன் என்கிறீர்கள்? ஆய்வின் நோக்கத்தைப் பூனைக்கு அவருடைய தாய்மொழியில் விளக்கி, பூனையின் கையொப்பம் பெறப்படும். மது அருந்தும் பழக்கம் உள்ள பூனைகள் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள். வேலைக்குச் செல்லும் பூனைகளுக்கு விடுப்புச் சான்றிதழும் பேருந்துக் கட்டணமும் வழங்கப்படும். திருமணமான பூனையாக இருந்தால் துணைவரின் கருத்தும் கேட்கப்படும்!

நான் ஓடினேன் அவர் அறைக்கு. அனுப்பியதைத் திரும்ப வாங்குங்கள், நாட்டில் தலைகாட்ட முடியாது என்றேன். தாளை வாங்கிப் படித்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் தாயே. சிரிக்கிறவன் கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பான்" என்றார்.

கூப்பிட்டார்கள். போனோம். வட்ட மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். நடுவில் அறக்கட்டளைத் தலைவி, வயதான அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். உங்கள் பூனைகள் குடிக்குமா என்று கேட்டார். விடாக்கண்டர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இதுவரைக்கும் ஒண்ணும் ஒத்துக்கலைங்க அம்மா."

அந்த அறை சிரித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு குரலை இறக்கினார். தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் இந்த வாக்கியங்களில் எவற்றையெல்லாம் பூனைக்குப் பொருந்தவில்லை என்று நினைத்துச் சிரித்தீர்களோ, அவை எல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் என் நோயாளிகள் படும் பாடு, வேலையை விட்டு, பேருந்து ஏறி, கூட வர ஆள் கெஞ்சி வருகிறார்கள் என்றார். பூனைக்காகவே கொடுங்கள், பூனைக்கு உண்மையாக உழைப்போம், அவர்களுக்கும் ஒரு வழி பிறக்கும் என்றார். பணம் வந்தது. நம் ஆய்வகத்தின் ஃப்ரீசர் அந்தப் பூனைகள் வாங்கித் தந்தது. பிள்ளைகள் ஆண்டுதோறும் கொடுத்த மாதிரிகள் எல்லாம் இன்றுவரை அதற்குள்தான் உறைந்திருக்கின்றன.

படித்துப் பார்க்காமல் எதையும் அனுப்பக்கூடாது என்று அன்று அவருக்குப் புத்தி வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய பெரும் பழக்கம். வேறு எந்த ஆய்வு மையத்திலும் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு விண்ணப்பம் எழுதி முடித்ததும் நேரே டயாலிசிஸ் அறைக்குப் போவார். வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஓர் இயந்திரம், இரத்தம் போகிற குழாய், வருகிற குழாய். நான்கு மணி நேரம் அசையக்கூடாது. நடுவில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். கடினமான சொல் வந்தால் பேச்சு வழக்கில் சொல்லுவார். யாரும் எழுந்து போக முடியாத சபை எனக்கு வேறு எங்கே கிடைக்கும் என்பார்!

அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார். இதோ, நடுவரிசையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. ஐயா, மறைக்காதீர்கள். தையல்காரர் குறட்டை விட்டால் அந்தப் பத்தி தேறவில்லை என்று பொருள். விடாக்கண்டர் அங்கேயே அடித்துவிட்டு வேறு எழுதுவார். பெரிய பெரிய நிபுணர்களின் கருத்துரையைக் குப்பையில் போட்டிருக்கிறார். தையல்காரரின் குறட்டையை ஒருநாளும் மீறியதில்லை.

படித்து முடித்ததும் கேள்வி கேட்கச் சொல்லுவார். சும்மா கேட்கக்கூடாது, பணம் கொடுப்பவர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் குடைந்து கேட்க வேண்டும். கேட்பார்கள்! எங்கள் துறைக் கூட்டத்தில் வராத கேள்வி எல்லாம் அந்த நாற்காலிகளிலிருந்து வந்தது. ஏன் பிள்ளைகள் மட்டும், ஏன் என் தம்பி இல்லை என்று ஓர் அம்மா கேட்டார். அதனால்தான் உடன்பிறந்தவர்களையும் சேர்த்தோம்.

இப்போது போகப்போகிற பெரிய நிதிக்கான விண்ணப்பத்தை அவர் அங்கே முதன்முதலாகப் படித்த அன்று நானும் இருந்தேன். ஓரத்து நாற்காலியில் லாரி ஓட்டுநர் ஒருவர். மாதக்கணக்கில் சாலையிலேயே கிடந்த மனிதர். இயந்திரத்தோடு கட்டிப்போட்டதில் இருந்து யார் மீதும் எரிந்து விழுவார். அன்றைக்குப் படிப்பு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"இந்த ஆராய்ச்சி முடிஞ்சா, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருவேனா டாக்டர்?"

என்ன சொல்லுவார்? காலம் வரும் என்று சொல்லலாம். நம்பிக்கையை விடாதே என்று சொல்லலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம்.

"இல்லப்பா" என்றார் அவர். "நீ எழுந்திருக்க மாட்டே. உன் பொண்ணு வந்து இங்க உக்கார மாட்டா."

ஓட்டுநர் கண்ணைத் திறந்தார். விடாக்கண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதை முதல் வரியில எழுதுங்க" என்றார். எழுதினார். இன்றைக்கும் அந்த விண்ணப்பத்தின் முதல் வரி அதுதான். அந்த ஓட்டுநர் இப்போது இல்லை. அவருடைய மகள் நன்றாக இருக்கிறாள். ஆண்டுதோறும் தவறாமல் வருகிறாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த செய்தி போன மாதம் கிடைத்தது. அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டுமே! வராந்தாவில் எதிரே வந்த துப்புரவு அம்மா, வார்டு உதவியாளர், யார் வீட்டு நோயாளியையோ பார்க்க வந்து வழி தெரியாமல் நின்ற ஒரு குடும்பம், ஒருவரையும் விடவில்லை. கூப்பிட்டுட்டாங்க, கூப்பிட்டுட்டாங்க என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குடும்பம் தங்கள் ஆளுக்குத்தான் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று எண்ணி அவரோடு சேர்ந்து சிரித்தது.

போன வாரம், ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம்! ஊரெல்லாம் நிதி கொடுக்கும் அந்த இதயம்தான் அவரைக் கைவிட்டது. எனக்கு அதன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. நேற்றுகூட வராந்தாவில் யாரோ உரக்கப் பேசியபோது எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். அவர் இல்லாத அந்த வராந்தாவை என்னால் தாங்க முடியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இன்று பேசியதில் அர்த்தமில்லை.

நிதி நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்தார்கள். கூடவே விதியையும் சொன்னார்கள். தலைமை ஆய்வாளர் நேரில் வந்து பேச வேண்டும். அவர் இல்லையென்றால் நம் மருத்துவமனை வேறொருவரை நியமிக்கலாம். நியமிக்காவிட்டால் விண்ணப்பம் தானாகக் காலாவதியாகும், அடுத்த சுற்றில் புதிதாக வரலாம். முதல்வர் அறையில் கூடினோம். கேட்டுப் பழகியவர் போய்விட்டார், தயாரில்லாமல் போய்ச் சொதப்பினால் பெயர் கெடும், அடுத்த சுற்று வரட்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன்.

அன்று மாலை பேராசிரியர் வீட்டு அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விடாக்கண்டர் உலகத்தில் யாருக்காவது பயந்தார் என்றால் அது அம்மாவுக்குத்தான். வீட்டிலும் ஒரு நிபுணர் குழு இருக்கிறது, ஒரே உறுப்பினர், இதுவரை என் விண்ணப்பம் ஒன்றுகூடத் தேறியதில்லை என்று புலம்புவார். அந்த வீட்டுக் கூடத்தில் வந்தவர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"நேர்காணல் என்னைக்கு?"

அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது என்றேன். அடுத்த சுற்று வரும் வரைக்கும் அந்தப் பிள்ளைகள் வந்தால் யார் வாங்கி வைப்பது, சம்பளம் இல்லாமல் எந்த ஆள் நிற்பான், நடுவில் இரண்டு ஆண்டு விட்டுப்போனால் உன் கணக்கு கணக்கா என்று கேட்டார்.

"ஏம்மா, அவருக்காக அழறதுக்கு எனக்கு ஆயுசு பூரா இருக்கு. உனக்கு ஒரு வாரம்கூட இல்ல. எந்திரி" என்றார்.

எழுந்தேன். அங்கிருந்து நேரே முதல்வர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடம் போய் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. என் பெயரைப் போட்டு அனுப்புங்கள் என்றேன். ஐயா என் முகத்தைப் பார்த்தார். இன்று காலையில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். நன்றி ஐயா! உங்களுக்கும் கடைசிவரை சந்தேகம் இருந்தது என்று தெரியும். எனக்கும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பெருமக்களே! இரங்கல் கூட்டத்தின் முடிவில் உறுதி எடுப்பார்கள். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்குவார்கள். நான் இறங்கப்போவதில்லை. நேர்காணலுக்கு முன் அவர் டயாலிசிஸ் நாற்காலிகளின் நடுவே இந்த விண்ணப்பத்தைக் கடைசித் தடவையாகப் படித்துக் காட்டவில்லை. அதற்குள் போய்விட்டார். அந்தச் சபை இன்று இங்கே ஏறி வந்திருக்கிறது. கூடவே நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். ஆகவே இதுதான் என் ஒத்திகை. நாளை அந்த அறையில் என்ன சொல்வேனோ, அதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். தையல்காரர் ஐயா தயவுசெய்து முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

குழுவினருக்கு வணக்கம். இந்த விண்ணப்பத்தை எழுதியவர் இறந்துவிட்டார். நீங்கள் தெரிவித்த இரங்கலைப் பெற்றுக்கொண்டோம். அதற்கு மேல் எங்களுக்கு இரக்கம் வேண்டாம், பணம் வேண்டும்! எதற்கு? இன்று நாற்காலியில் இருப்பவரை எழுப்புவோம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளை அதில் வந்து உட்காராமல் இருக்க வழி தேடுகிறோம். எங்களிடம் சில நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். சிலருக்கு உள்ளே அந்த நோய் இப்போதே தொடங்கியிருக்கும். யாருக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன ஆண்டின் குப்பி என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டின் குப்பியை இந்த ஆண்டில்தான் வாங்க முடியும். நீங்கள் அடுத்த சுற்றில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் கடந்துபோன ஆண்டை எனக்கு வாங்கித் தர உங்களால் ஆகாது. நீங்கள் மறுத்தாலும் நான் போய்விட மாட்டேன். எந்தப் பக்கத்தில் சலித்தது என்று கேட்டு உங்களைத் தொலைபேசியில் பிடிப்பேன். எங்களை அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறார்.

இவ்வளவுதான் என் பேச்சு. இனி நீங்கள் கேளுங்கள். தயவு தாட்சணியம் பார்க்க வேண்டாம். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் கைப்பணத்தை நான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இவளுக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று குடைந்து கேளுங்கள். நாளைக்கு அங்கே வாயடைத்து நிற்பதைவிட இன்று உங்கள் முன்னால் நிற்பது எனக்கு மேல்.

கேட்க யாரும் இல்லையா? தயங்காதீர்கள்.

இதோ, முன்வரிசையில் ஒரு கை உயர்கிறது. அம்மா, நீங்களா?

மகளே, அந்த ஒலிவாங்கியை அம்மாவிடம் கொடு. கேளுங்கள் அம்மா.